நெருக்க எண்

மனுஷியின் கைக்கு மதிப்பெண் போடலாம் என்று எந்தப் பாவி கண்டுபிடித்தானோ, அவன் வீட்டில் ஏழு தலைமுறைக்கு அடுப்பு எரியக் கூடாது என்று சுகந்தி மனதாரச் சபித்தாள். முப்பத்தொன்று! இருபது வருடம் ஒரு ஆளுக்குச் சோறு போட்ட கை. காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்த்த கை. சனிக்கிழமை தவறாமல் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட கை. அதற்குப் போட்ட மார்க் நூற்றுக்கு முப்பத்தொன்று. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில்கூட அவள் இவ்வளவு கீழே போனதில்லை.

அதையாவது விதி என்று விட்டுத் தொலைக்கலாம். ஹேமலதாவின் கைக்கு எண்பத்தெட்டு. அதைத்தான் அவளால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

சுகந்தியின் வீட்டுக்காரர் மோகனசுந்தரத்துக்குக் குரல்வளையில் புற்றுநோய். கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து, ஷெட்டே அதிரக் கத்தி வேலை வாங்கிய மனிதர். குரல் கம்மத் தொடங்கியபோது தூசி என்று நினைத்தார்கள். தூசி இல்லை. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், கதிர் சிகிச்சையிலேயே குணமாக்கிவிடலாம் என்று டாக்டர் ஷாஹிதா சொன்னபோது சுகந்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் டாக்டர் அதோடு நிறுத்தவில்லை.

"கதிர் உள்ள இருக்குற கட்டியத்தான் அடிக்குது. ஆனா உள்ள போறதுக்குத் தோல் வழியாத்தானே போகணும்? வழியில நிக்கிற தோலும் சேந்து அடி வாங்கும். மொதல்ல செவக்கும், அப்புறம் கறுத்துக் காயும், அரிக்கும். கவனிக்காம விட்டா ஈரம் கசிஞ்சு புண்ணாயிடும்."

"புண்ணாச்சுன்னா என்னாகுமுங்க?"

"சிகிச்சைய நிறுத்தி வைக்க வேண்டி வரும். நாம நிறுத்துற நாள்ல கட்டி நிறுத்தாதும்மா. அது வளரும். அதனால இந்த ஆறு வாரமும் அவர் கழுத்துத் தோல்தான் நமக்கு உசிரு."

சுகந்தி அதைக் கல்லில் வெட்டியதுபோல் மனதில் எழுதிக்கொண்டாள். கழுத்துக்குச் சோப்பு கிடையாது. துண்டால் தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். பிளேடு படக் கூடாது. வெயில் ஆகாது. மஞ்சள், சந்தனம், விபூதி, பவுடர் எதுவும் கூடாது. அன்று ராத்திரியே அவருடைய சட்டைகளையெல்லாம் எடுத்துப் போட்டுக் காலரைத் தையல் பிரித்து எடுத்தாள். காலர் இல்லாத சட்டையில் அவர் கழுத்தில் இறகு பிடுங்கிய கோழிபோல நின்றார். இருவரும் சிரித்தார்கள். பிறகு அவள் கொல்லைப்புறம் போய் அழுதாள்.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்த வருடம் புதிதாக ஒரு படலம் வந்திருந்தது. 'இதம்' என்று பெயர். வெங்காயச் சருகு மாதிரி மெலிதாக, கண்ணாடிபோல இருக்கும். கழுத்தைச் சுற்றி ஒட்டிவிட்டால் தோலின் சூட்டையும் வியர்வையையும் ரத்த ஓட்டத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கும். அதற்குள்ளேயே மருந்தும் இருந்தது.

"எப்பவும் மருந்து விட்டுக்கிட்டே இருக்காதும்மா," என்று அதை ஒட்டிவிட்ட டெக்னீஷியன் பெண் ஜெனிபர் விளக்கினாள். "மனசு பதறினா தோலும் பதறும். ரத்தக் குழாயெல்லாம் விரிஞ்சு சூடேறி நிக்கும். அப்ப மருந்து விட்டா கடல்ல கரைச்ச பெருங்காயந்தான். தோல் அடங்குனாத்தான் மருந்து எறங்கும். அதுக்குச் சாயங்காலம் ஒரு மணி நேரம் வேண்டப்பட்டவங்க யாராச்சும் கழுத்துல கை வச்சுக்கிட்டு உக்காரணும். இந்தத் திரையில நம்பர் அறுபதைத் தாண்டுனா மருந்து தானா இறங்கிடும்."

"தூக்க மாத்திரை குடுத்தாப் போதாதுங்களா?"

"ஆளு தூங்குவாரு. தோல் தூங்காது."

அந்த நம்பருக்குக் கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் நெருக்க எண். விளம்பர அட்டையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சுகந்தி வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்து, மோகனசுந்தரத்தின் கழுத்தில் பூவை வைப்பதுபோல வைத்தாள். அவர் சும்மா படுத்திருந்தபோது நாற்பத்தைந்து காட்டிய திரை, இறங்கி இறங்கி முப்பத்தொன்றில் போய் நின்றது.

"பழகப் பழக ஏறுமுங்க," என்றாள் ஜெனிபர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

ஏறவில்லை. பெங்களூரிலிருந்து மகள் ஓடிவந்து, அப்பா கழுத்தில் கைவைத்து விசும்பினாள். முப்பத்தைந்து. அவருடைய அக்கா, தம்பியைத் தூக்கி வளர்த்தவர், நாற்பத்திரண்டு. இரண்டாவது வாரத்திலேயே கழுத்து சுட்ட கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. டாக்டர் உதட்டைக் கடித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பம்பு கம்பெனியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் அவரைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். ஆர்லிக்ஸ், ஆப்பிள், ஆறுதல். கடைசியாக இறங்கியவள் கணக்குப் பிரிவில் இருக்கும் ஹேமலதா. அவளைச் சுகந்திக்குத் தெரியும். தெரியாமல் என்ன? மோகனசுந்தரத்துக்கு முதலில் பேசிய பெண் அவள்தான். நிச்சயம் பண்ணி உப்புச் சக்கரைகூட மாற்றியாகிவிட்டது. அப்புறம் சீர் விஷயத்தில் பெரியவர்களுக்குள் வார்த்தை தடித்து, சம்பந்தம் முறிந்தது. பிறகுதான் சுகந்தி. ஹேமலதாவுக்கும் வேறு இடத்தில் கல்யாணம் ஆகி, ஒத்துவராமல், ஒற்றையாகத் திரும்பிவந்து அதே கம்பெனியில் சேர்ந்தாள். அதே கம்பெனியில்! ஊரில் வேறு கம்பெனியே இல்லை பாருங்கள்.

"என்ன மோகன், இப்புடி ஆயிட்டீங்க?" என்றாள் ஹேமலதா. சுகந்திக்கு அவர் மாமா, கம்பெனிக்குச் சார், சொந்தத்துக்குச் சுந்தரம். மோகன் என்று கூப்பிட்டது இவள் ஒருத்திதான். "ஓரத்துல தூக்கிட்டிருக்குதே," என்று குனிந்து, படலத்தின் விளிம்பை உள்ளங்கையால் அழுத்தினாள்.

கட்டிலருகே இருந்த திரை கிணுங்கிப் பச்சை விளக்கு எரிந்தது. எண்பத்தெட்டு.

"அடேங்கப்பா!" என்றார் கம்பெனி போர்மேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர். மற்றவர்கள் ஆப்பிளைப் பார்த்தார்கள். மோகனசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டார். படலத்துக்குள் மருந்து இறங்குவது வெளியிலிருந்தே தெரிந்தது, கழுத்து முழுக்கப் பனி படிந்ததுபோல.

மறுநாள் சிவப்பு குறைந்திருந்தது. "கடவுளாப் பாத்து அனுப்பியிருக்காரு. அவங்களத் தெனமும் வரச் சொல்லுங்க," என்றார் டாக்டர். கடவுளுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று சுகந்தி நினைத்தாள். ஆனாலும் போன் போட்டாள். தன் வாயாலேயே கேட்டாள். "மேடம், தெனமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் வீட்டுக்கு வர முடியுமுங்களா?" அக்கா என்று அழைக்க வேண்டிய வயதுதான். நாக்கு எழவில்லை.

ஹேமலதா ஒருநாள் தவறாமல் வந்தாள். மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைப்பாள். சுகந்தி கொடுக்கும் காபி டம்ளரை இரண்டு கையாலும் பொத்தி உள்ளங்கையைச் சூடாக்கிக்கொள்வாள். கையை வைத்த உடனே அவள் பார்ப்பது அவர் முகத்தை அல்ல, திரையை. எண்பத்தாறு, எண்பத்தெட்டு, எண்பத்தேழு. பார்த்ததும் உதட்டோரம் உள்ளே மடங்கும். பெருமையை அடக்குகிறாள் என்று சுகந்திக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரோ பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவார், குறட்டைகூட லேசாக வரும். சுகந்தி கை வைத்தால் ஒருநாளும் தூங்கியதில்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். தொண்டை ஏறி இறங்கும்.

பேசக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அதனால் அவரிடம் கேட்கவும் முடியாது. கேட்டால் மட்டும் என்ன சொல்லிவிடப் போகிறார்? தோல் பொய் சொல்லாது என்று அந்த விளம்பர அட்டையிலேயே அச்சடித்திருந்தார்கள்.

அவள் என்னவெல்லாமோ செய்து பார்த்தாள். பாத்திரம் தேய்ப்பதால் கை சொரசொரப்பாகிவிட்டது என்று உறை மாட்டிக்கொண்டு தேய்த்தாள். தேங்காயெண்ணெய் தடவினாள். போகிற போக்கில் கேட்பதுபோல, "நீங்க என்ன சோப்பு போடுறீங்க மேடம்?" என்று கேட்டு, அதையே வாங்கிவந்து போட்டாள். டம்ளரில் கையைச் சூடாக்கிக்கொண்டு வைத்தாள். இருபத்தொன்பது.

ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் கூடத்திலும் இதே பேச்சுத்தான். முன்பெல்லாம் அங்கே நோயைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். இப்போது எண்ணைப் பற்றி. தாராபுரத்து அம்மா ஒருத்தி, தன் கையைவிட மருமகள் கைக்குப் பதினைந்து கூட வந்துவிட்டது என்று மகனோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். ஒருவர் வீட்டு நாயைக் கூட்டிவந்து அதன் காலை வைத்து எழுபத்தேழு வாங்கினார், அவர் சம்சாரம் அன்றே ஆட்டோ பிடித்துப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். பெண்டாட்டி கைக்குத் தொண்ணூறு வந்தது என்று திருப்பூர்க்காரர் ஒருவர் கூடம் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். சுகந்திக்கும் ஒன்று வந்தது. வாயில் போட்டாள், வேப்பங்காய்.

"உங்களுதெவ்வளவுங்க?" என்று கேட்டார் அவர்.

"நாங்க அதெல்லாம் பாக்கறதில்லீங்க," என்றாள்.

இந்த எண் எப்படி வருகிறது, ஏன் இப்படி வருகிறது என்று ஜெனிபரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லியிருப்பாள். மானம் விடவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளே முடிவு கட்டி வைத்திருந்தாள்.

நாலாவது வாரம் ஒருநாள், அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தபோது, தூங்கும் மனிதரின் நெற்றியில் விழுந்த முடியை ஹேமலதா மற்றக் கையால் ஒதுக்கிவிட்டாள். அவ்வளவுதான். அந்த ஒரு விரல் அசைவில் சுகந்திக்குள் இருபது வருடமும் சரிந்தது. மருந்துக்குக் கழுத்து போதுமே, நெற்றி எதற்கு?

மறுநாள் விடிந்ததும், மாமாவுக்குத் துணையாக நாத்தனாரை உட்காரவைத்துவிட்டு, ஆனைமலைக்குப் பஸ் ஏறினாள். ஓட்டுநர் இல்லாத பஸ், பொள்ளாச்சி தாண்டியும் ஒரு ஹார்ன் அடிக்கவில்லை. காலம் அவ்வளவு மாறியிருந்தது. ஆனைமலை அம்மன் மட்டும் மாறவில்லை. பொருளைப் பறிகொடுத்தவர்கள், நம்பி ஏமாந்தவர்கள் அங்கே போய் வரமிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். தப்புப் பண்ணினவர் உடம்பு எரியும். எரிச்சல் தாங்காமல் தானாக வழிக்கு வருவார்கள். சுகந்தி மிளகாய் வாங்கி, அம்மியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் ஓட அரைத்தாள். விழுதை இரண்டு கையாலும் அள்ளிக் கல்லில் அப்பினாள்.

"என்ற பொருள எடுத்துட்டா தாயி," என்றாள். "எடுத்தவ எவளோ, அவ கை எரியட்டும்."

பெயரையும் சொன்னாள். அம்மனுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாது.

ஊர் திரும்பும்போதே மனசு லேசாகிவிட்டிருந்தது. ஹேமலதாவுக்குப் போன் போட்டு, "இன்னிக்கு வர வேண்டாமுங்க மேடம், நானே பாத்துக்கறேன்," என்றாள். நாத்தனாரை அனுப்பிவிட்டாள். சோப்பு போட்டு மூன்று தடவை கை கழுவினாள். சாயங்காலம் படலத்தை மெதுவாகக் கழற்றினாள். ஒருநாள் விட்டு ஒருநாள் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் கழுத்தை ஒற்றி எடுக்க வேண்டும், அது அவள் வேலை. துணியைப் பிழிந்து ஒற்றினாள். பிறகு, ஆசையாக இருந்தது, வெறும் உள்ளங்கையை அந்தக் கறுத்த தோலின்மேல் வைத்தாள். படலமும் இல்லை, திரையும் இல்லை. எந்த எண்ணும் தங்களுக்கு நடுவில் இல்லாமல் ஒரு தடவை தொட வேண்டும்.

அவர் கட்டிலில் வில்லாக வளைந்தார். கத்தினார். சத்தம் வரவில்லை. சத்தம் வராத அந்தக் கத்தலைப் பார்த்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது. மிளகாய் சோப்புக்குப் போகாது. அரைத்தவர்களுக்கெல்லாம் தெரியும். இவளுக்கும் தெரியும். பொறாமை அதை மறக்கடித்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் கழுத்தின் வலப்பக்கம் தோல் உரிந்து ஈரம் கசிந்தது.

"எதையாவது பூசினீங்களா?" என்றார் டாக்டர். "மஞ்சள்? சந்தனம்? கோயில் விபூதி?"

"பூசலீங்க." கையை விரித்துக் காட்டினாள். விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. "மிளகாய்ங்க. அரைச்ச கை."

"சமையலா?"

"ஆமாங்க," என்றாள். அந்தப் பொய் மிளகாயைவிட எரிந்தது.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கதிரை நிறுத்தி வைக்கறோம். சீக்கிரம் ஆறினா, விட்ட எடத்துலேந்து தொடரலாம். ஆற நாளாச்சுன்னா கட்டி முந்திக்கும். புதுப் படலம் ஒட்டி விடுறேன். அந்தம்மாவ உடனே வரச் சொல்லுங்க. அவங்க கை இல்லாம இனி முடியாது."

சுகந்தி தாழ்வாரத்தில் நின்று போன் போட்டாள். "அக்கா," என்றாள். அந்த வார்த்தை தானாக வந்தது. "கழுத்து உரிஞ்சு போச்சுங்கக்கா. வாங்க." மறுமுனையில், ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. "வந்துட்டே இருக்கேன்," என்று மட்டும் வந்தது.

உள்ளே போனபோது வார்டு ஊழியர் ஆரோக்கியசாமி படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார். தடித்த ஆள். வாய் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தது, கண் ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டி நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கையால் மோகனசுந்தரத்தின் பின்கழுத்தைத் தாங்கித் தூக்கி, மறுகையால் தலையணையைத் தட்டிப் போட்டார். தாங்கிய பெரிய கை கழுத்தைச் சுற்றிப் பாதிப் படலத்தை மூடியிருந்தது. திரை கிணுங்கியது.

தொண்ணூற்றொன்று.

சுகந்தி திரையைப் பார்த்தாள். ஆரோக்கியசாமியைப் பார்த்தாள். "அய்யா, சித்தெ கையை எடுக்காதீங்க," என்றாள். மருந்து பனிபோல இறங்கியது. "இவரை உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?"

"யாரு, இவரையா? ஒம்பதாம் நம்பர் பெட்டுன்னு தெரியும்," என்றார் ஆரோக்கியசாமி. "கைய எடுக்கலாமா தாயி? அந்தப் பக்கம் இன்னும் முப்பது பெட்டு கிடக்கு."

டாக்டர் ஷாஹிதா கதவோரம் நின்று இதைப் பார்த்துவிட்டிருந்தார். சுகந்தி அவர் பக்கம் திரும்பினாள். கடைசியில் கேட்டே விட்டாள்.

"இந்த நம்பர் என்னத்தக் காட்டுதுங்க டாக்டர்? நெசத்தச் சொல்லுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நெருக்க எண்ணுங்கறது விக்கறவங்க வச்ச பேரும்மா. அப்படிச் சொன்னாத்தான் குடும்பங்கள் வாங்குது. அது காட்டுறது தோல் அடங்கியிருக்கா, பதறுதான்னு. அவ்வளவுதான். கைக்குழந்தைக்கு அம்மா கை பட்டா அடங்கும். பெரியவங்க வேற. சாவு பக்கத்துல வந்து நிக்கிறப்ப, யாரை விட்டுட்டுப் போகணுமேன்னு பயமோ, அவங்க கை பட்டா ஒடம்பே பதறும். பயமில்லாத கைக்குத்தான் நல்லா அடங்கும்."

"இத ஏனுங்க மொதல்லயே சொல்லல?"

"கேட்டவங்களுக்குச் சொன்னோம்," என்றார் டாக்டர். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாருக்கும் சொல்லியிருக்கணும். கூட்டத்துல நேரமில்லன்னு விட்டுட்டோம். அது எங்க தப்பு."

மைசூர்பாகு கொடுத்த திருப்பூர்க்காரர் சுகந்தியின் நினைவுக்கு வந்தார். சிரிப்பு வந்தது. பாவம், அவருக்கு யாரும் சொல்லாமல் இருந்தால் தேவலை.

மோகனசுந்தரம் கையைத் தூக்கி அவளைக் கூப்பிட்டார். அவள் குனிந்தாள். பேசக் கூடாத தொண்டையிலிருந்து காற்றாக வார்த்தை வந்தது.

"உன்ற கை பட்டா… பயமா இருக்குது புள்ள. செத்துட்டா இந்தக் கை இருக்காதேன்னு… அடிச்சுக்குது."

"பேசாதீங்க மாமா."

"அவ கை பட்டா… ஒண்ணும் தோணாது. தலவாணி மாதிரி. தூக்கம் வந்துருது."

சுகந்தி நிமிர்ந்தாள். அந்த ஒரு நொடி அவளுக்குள் பொங்கிய சந்தோஷத்தைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். ஜெயித்துவிட்டாள். முப்பத்தொன்று! கூடத்தில் போய்க் கூவ வேண்டும்போல் இருந்தது. மைசூர்பாகு வாங்க வேண்டும்போல் இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு திரும்பியபோது, வாசலில் ஹேமலதா நின்றிருந்தாள். ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஒரு கையில் கழற்றிய மோதிரம்.

கேட்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அந்த முகத்தில் அதிர்ச்சி இல்லை.

டாக்டர் மெல்ல வெளியே போனார். சுகந்தி அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிவந்தாள்.

"அக்கா, அவரு வலியில என்னமோ…"

"எனக்குத் தெரியும் சுகந்தி," என்றாள் ஹேமலதா. "நான் வந்த மொத வாரமே ஆஸ்பத்திரிக்குப் போயி ஜெனிபர்கிட்டக் கேட்டனே. எண்பத்தெட்டுன்னா என்ன அர்த்தம்னு, பெருமையாத்தான் கேட்டேன். அந்தப் புள்ள சொல்லிடுச்சு."

"தெரிஞ்சுமா வந்தீங்க? தெனமுமா?"

ஹேமலதா மோதிரத்தை முந்தானையில் முடிந்தாள். "ஆளு பொழைக்கணுமில்ல? அது ஒண்ணு. இன்னொண்ணு…" சிரிக்கப் பார்த்தாள். "தெனமும் கைய வெச்சதும் திரையத்தான் பாப்பேன். இன்னிக்காச்சும் கொறையாதான்னு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நாப்பதுன்னு வந்துட்டாப் போதும். அப்புறம் வரவே மாட்டேன்னு நெனச்சுக்குவேன். எறங்கவே இல்ல. நெத்தியத் தொட்டுக்கூடப் பாத்தேன். ஏறுச்சு."

உதட்டோரம் உள்ளே மடங்கியது. சுகந்தி இத்தனை நாளும் பெருமை என்று வாசித்தது அதைத்தான்.

"உங்க பேரைச் சொல்லி மிளகாய் அரைச்சனுங்கக்கா," என்றாள் சுகந்தி. யாரிடமும் சொல்ல முடியாததை இவளிடம் சொல்லத்தான் முடிந்தது. "ஆனைமலைக்குப் போயி. உங்க கை எரியட்டும்னு. அந்தக் கையிலதான் அவரைத் தொட்டுட்டேன்."

ஹேமலதா தன் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "அம்மனுக்கு நீ சொல்றதுக்கு முன்னாடியே கேட்டுருச்சு போல," என்றாள். "எனக்கு மொத வாரத்துலேந்தே எரியுது."

"இனி நீங்க கஷ்டப்பட வேண்டாமுங்கக்கா," என்றாள் சுகந்தி. " ஆரோக்கியசாமி அய்யா கைக்குத் தொண்ணூத்தொண்ணு. கால்ல விழுந்தாச்சும் அவரையே கேட்டுக்கறேன்."

"அவருக்கு முப்பது பெட்டு இருக்குது. ஒரு மணி நேரம் எங்க உக்காருவாரு?" என்றாள் ஹேமலதா. "எனக்கு வேற என்ன வேலை? காபி மட்டும் குடு."

இருவரும் உள்ளே வந்தார்கள். சுகந்தி கூடத்துக் கடையிலிருந்து காபி வாங்கிவந்தாள். ஹேமலதா டம்ளரைப் பொத்திக் கையைச் சூடாக்கிக்கொண்டாள். மோகனசுந்தரத்தின் கண்கள் சுகந்தியையே தேடின. அவளுக்கு ஓடிப்போய்த் தொட வேண்டும்போல் இருந்தது. தொட்டால் பதறும், மருந்து நிற்கும், புண் ஆறாது. அவர் பிழைக்க வேண்டுமென்றால் அவள் தள்ளி நிற்க வேண்டும். சுவரோடு ஒட்டி நின்று, எரிகிற கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

ஹேமலதா காயம் படாத இடமாகப் பார்த்துக் கையை வைத்தாள். எண்பத்தெட்டு. மருந்து இறங்கத் தொடங்கியது. அவர் இமைகள் கனத்தன. ஹேமலதா வழக்கம்போல் திரையைப் பார்த்தாள். முதல்முறையாகச் சுகந்தியும் அவளோடு சேர்ந்து திரையைப் பார்த்தாள்.

அறுபது இருந்தால் மருந்துக்குப் போதும். எண்பத்தெட்டில் ஒன்றிரண்டு குறைவதால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. காலையில் சாபம் கேட்ட அதே அம்மனிடம் சுகந்தி இப்போது வேண்டினாள். கொஞ்சம் எறக்கிக் காட்டு தாயி. இவளுக்காக. ஒரே ஒரு எண்.

அவர் மூச்சு சீரானது. குறட்டை லேசாகக் கிளம்பியது. திரை ஒருதரம் மினுங்கியது.

எண்பத்தொன்பது.